முத்திரை இல்லாத தராசு



கொழுந்து நிறுக்கும் தராசு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலைப் பனியில் நனைந்து, சரிவில் கால் ஊன்றி நின்று, சாக்கு நிறையக் கொழுந்து கொண்டுவந்து தொங்கவிட்டால், முள் எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் அன்றைய கூலியும் நிற்கும். அந்தத் தராசு பழையதாக இருக்கலாம். ஓரம் துருப்பிடித்தும் இருக்கலாம். அதைப் பார்த்து விவரம் தெரிந்த பெரியவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். முத்திரை குத்தியிருக்கிறதா? எந்த வருடத்து முத்திரை? முத்திரை இருந்தால், தவறு நேரும்போது போய்க் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று பொருள். முத்திரை குத்துகிறவரே இல்லாமல் போய்விட்டால், முள் சரியாகத்தான் நிற்கிறது என்று எத்தனை நாளைக்கு நம்பிக்கொண்டிருப்பது?

இன்றைய உரை கணினியைப் பற்றியது. ஆனால் கேட்கப்போகும் கேள்வி இந்தத் தராசுக் கேள்விதான்.

கேமரன் மலைத் தோட்டத்தில் கணினி எதற்கு என்று கேட்ட காலம் போய்விட்டது. பிள்ளைகளின் பள்ளிப் பாடம், இ.பி.எஃப். கணக்கு, அரசாங்க உதவித் தொகைக்கான மனு எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. கைத்தொலைபேசியில் பாதி வேலை முடியும். மீதிக்குக் கணினியும் அச்சுப்பொறியும் வேண்டும். எங்கள் தோட்டத்தில் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் நான்கு பழைய கணினிகளை வைத்திருக்கிறோம். பட்டணத்து அலுவலகங்கள் வேண்டாமென்று ஒதுக்கியவை அவை. விண்டோஸ் 10-க்கு அதன் நிறுவனம் வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தன. அதற்கு அடுத்து வந்த பதிப்பு இவ்வளவு பழைய இயந்திரங்களில் ஏறாது. ஆகவே அவற்றில் லினக்ஸ் போட்டிருக்கிறோம்.

லினக்ஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய உட்கரு அது. உட்கரு மட்டும் இருந்தால் வேலை நடக்காது. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சிறுசிறு கருவிகள் வேண்டும். அவற்றையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்து, ஒரே கட்டாகத் தருகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டைத்தான் விநியோகத் தொகுப்பு என்கிறோம். எங்கள் அறையில் இருப்பது தெபியான் என்ற தொகுப்பு. 1993-இல் இயன் மர்டாக் என்பவர் தொடங்கியது. இன்று உலகெங்கும் உள்ள தொண்டர்கள் அதை நடத்துகிறார்கள். அதன் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்ட் 9-இல் வெளியானது. அதில் 69,830 பொதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பொதியும் ஒரு கருவி அல்லது கருவியின் ஒரு பகுதி. அந்த அறிவிப்பிலேயே இன்னொரு எண்ணும் உண்டு. முந்தைய பதிப்பில் இருந்த 8,840-க்கு மேற்பட்ட பொதிகள் காலாவதி என்று நீக்கப்பட்டன.

எட்டாயிரத்துக்கும் மேலான கருவிகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள்! அவற்றுள் எத்தனையோ நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. பிறகு ஏன் நீக்க வேண்டும்?

எழுத்துக் கட்டளைக் கருவி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கணினித் திரையில் படத்தைத் தொட்டு வேலை வாங்குவது ஒரு முறை. கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டெழுதி, அதன்மூலம் கட்டளையிட்டு வேலை வாங்குவது இன்னொரு முறை. பெட்டியில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் காட்ட 'எல்-எஸ்' என்ற இரண்டெழுத்துக் கட்டளை யூனிக்ஸ் காலத்திலிருந்தே உண்டு. அதற்குப் பதிலாக, வண்ணமும் விவரமும் சேர்த்துக் காட்டும் 'எக்ஸா' என்ற கருவியை ஒருவர் எழுதினார். பலருக்கும் பிடித்துப்போயிற்று. அதன் கடைசி வெளியீடு 2021-இல் வந்தது. அதற்குப் பிறகு அதைப் பராமரித்தவரிடமிருந்து பதில் இல்லை. திருத்தம் எழுதி அனுப்பியவர்கள் காத்திருந்தார்கள். 2023-இல் கருவியின் முகப்பில் ஓர் அறிவிப்பு ஏறியது. இது பராமரிக்கப்படவில்லை, வேறொன்றைப் பயன்படுத்துங்கள் என்பது அதன் செய்தி. களஞ்சியத்தை முறைப்படி பூட்டி வைக்கவும் முடியவில்லை. அந்த உரிமை உள்ள ஒரே ஒருவரைத்தான் யாராலும் தொடர்புகொள்ள முடியவில்லையே!

லயத்தில் ஒரு வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார், கூரை ஒழுகுகிறது, உள்ளே போய்ச் சரிசெய்ய வழியில்லை. அக்கம்பக்கத்தார் என்ன செய்வார்கள்? அந்த வரைபடத்தையே வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொரு வீடு கட்டினார்கள். திறந்த மென்பொருளில் வரைபடம் எல்லோருக்கும் பொது. எடுத்துக் கட்ட யாருக்கும் அனுமதி உண்டு. புதிய வீட்டுக்கு 'ஈஸா' என்று பெயர். தெபியான் 12-இல் எக்ஸா இருந்தது. 13-இல் ஈஸா இருக்கிறது. அந்த மனிதர் எங்கே போனார், ஏன் போனார் என்று ஊர் வம்பு பேசியவர்களும் உண்டு. கூலி வாங்காமல் செய்த வேலையை ஒருவர் விட்டுப் போனதற்கு அவரைக் குறை சொல்வது முறையில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இங்கே சிலர் கேட்கலாம். தேயிலை ஆலையில் உருட்டும் இயந்திரம் இருக்கிறது. அதைச் செய்த கம்பெனி என்றோ மூடப்பட்டிருந்தாலும், எண்ணெய் போட்டு, தேய்ந்த பாகத்தைக் கடைசலில் கடைந்து மாட்டி, ஐம்பது வருடம் ஓட்டுகிறோம். கணினிக் கருவி இரும்புகூட இல்லையே, அது எப்படித் தேயும்?

கருவி தேய்வதில்லை, அதைச் சுற்றியுள்ளவை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கருவி தனித்து நிற்பதில்லை. வேறு பத்துப் பேர் எழுதிய துணை நூலகங்களைக் கடன்வாங்கி ஓடுகிறது. அந்த நூலகத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதைக் கடன்வாங்கிய கருவியையும் திருத்த வேண்டும். 2024 தொடக்கத்தில் ஈஸாவுக்கு அப்படி ஒரு நிலை வந்தது. உடனே திருத்திப் புதிய வெளியீடு கொடுத்தார்கள். பழைய எக்ஸாவுக்கு அப்படி வந்தால் கொடுப்பதற்கு ஆள் ஏது?

கடிகாரமும் ஒரு காரணம். பழைய கருவிகள் பலவும் நேரத்தை 1970 சனவரி முதல் நாளிலிருந்து எத்தனை வினாடி என்று எண்ணி, அந்த எண்ணை ஒரு சிறு பெட்டியில் போட்டு வைக்கின்றன. மலேசிய நேரப்படி 2038 சனவரி 19-ஆம் நாள் காலை 11 மணி 14 நிமிடம் 7 வினாடிக்கு அந்தப் பெட்டி நிறைந்துவிடும். அதற்கு மேல் எண்ண இடமில்லை. கணினிக்குள் யார் யார் எப்போது நுழைந்தார்கள் என்று காட்டும் 'லாஸ்ட்' என்ற பழைய கட்டளையைத் தெபியான் 13 இந்தக் காரணத்தால்தான் மாற்றியது. இப்போது ஆரம்பப் பள்ளியில் படிக்கிற நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற காலம் அது. அதிக தூரமில்லை.

இனி முக்கியமான கதைக்கு வருவோம். இது எங்கள் அறையிலேயே நடந்தது.

ஒரு கணினி வலையில் சேர வேண்டுமானால் அதற்கு ஒரு முகவரி எண் வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவர ஓர் ஏவலாள் இருக்கிறான். தோட்டத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவருக்கு யாரையும் தெரியாது. 'இங்கே ஆபீஸ் எங்கே?' என்று உரக்கக் கேட்கிறார். ஆபீசிலிருந்து கிராணி, 'இந்த வீடு காலியாக இருக்கிறது, வேண்டுமா?' என்கிறார். 'அதையே கொடுங்கள்' என்கிறார் வந்தவர். 'சரி, இத்தனை நாளைக்கு உமக்கு' என்று கிராணி புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். கணினியிலும் இந்த நாலு பேச்சுதான் நடக்கிறது. இந்த முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். எண்ணைச் சொந்தமாகக் கொடுப்பதில்லை, தவணைக்குத்தான் கொடுப்பது. தவணையில் பாதி கழிந்ததும் ஏவலாள் மறுபடி போய் நீட்டித்துக்கொண்டு வருவான். நீட்டிக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தக் கவலை நமக்குப் புதியதா என்ன?

லினக்ஸில் வெகுகாலமாக இந்த ஏவலாள் வேலையைப் பார்த்தது 'டிஎச்-கிளையன்ட்' என்ற கட்டளைக் கருவி. இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்டியம் என்ற அமெரிக்க நிறுவனம், லாப நோக்கம் இல்லாதது, அதைக் காத்துவந்தது. 2022-இல் அவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்: ஏவலாள் கருவிக்கு 4.4.3 என்ற எண்ணோடு முடிவு. அதே ஆண்டு அக்டோபரில், எண் கொடுக்கும் கிராணிப் பக்கத்துக்கும் பராமரிப்பு முடிந்தது என்று அறிவித்தார்கள். கிராணி வேலைக்குக் 'கியா' என்ற புதிய மென்பொருளை ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். ஏவலாள் வேலைக்குப் புதிதாக எதையும் எழுதவில்லை. அதைச் செய்ய வேறு நல்ல கருவிகள் இருந்தன. எக்ஸா கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒருவர் சொல்லாமல் மறைந்தார். இவர்கள் முன்கூட்டியே சொல்லி, கணக்கை முடித்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலையை விடுவதிலும் ஒரு நாகரிகம் உண்டு.

ஏவலாள்தானே, பழையவனே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. இந்தக் கருவி கணினிக்குள் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டு பதில் அனுப்புகிறவர் யார் என்று அதற்குத் தெரியாது. பேருந்து நிலையத்து இலவச வலையில் சேர்ந்தால், அங்கே பதில் சொல்கிறவர் கிராணியாகவும் இருக்கலாம், திருடனாகவும் இருக்கலாம். 2011-இல் ஒரு குறை வெளியே வந்தது. பதிலில் கணினியின் பெயர் வரவேண்டிய இடத்தில் யாராவது ஒரு கட்டளையை ஒளித்து எழுதி அனுப்பினால், இந்த ஏவலாள் அதையும் நிறைவேற்றிவிடக்கூடும் என்பதுதான் குறை. அன்று திருத்துவதற்கு ஆள் இருந்தார்கள், திருத்தினார்கள். 2022-க்குப் பிறகு அப்படி ஒன்று வந்தால் திருத்த அந்த வீட்டில் ஆள் இல்லை.

தெபியான்காரர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பது ரசிக்கத்தக்கது. 2023 ஜூன் மாதம் 12-ஆம் பதிப்பு வந்தபோதே வெளியீட்டுக் குறிப்பில் எச்சரித்தார்கள். இந்தக் கருவியின் மூலக்குழு விலகிவிட்டது, இந்தப் பதிப்பின் காலம்வரை பாதுகாப்புத் திருத்தத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், அடுத்த பதிப்பில் அந்த ஆதரவு அனேகமாக இருக்காது என்ற பொருளில் எழுதினார்கள். பழையதை அன்றே பிடுங்கி எறியவில்லை; இரண்டாண்டு அவகாசம் கொடுத்தார்கள். 13-ஆம் பதிப்பில், திரைமேசை இல்லாத எளிய நிறுவலுக்கு 'டி.எச்.சி.பி.சி.டி.' என்ற வேறொரு கருவியை வைத்தார்கள். ராய் மார்ப்பிள்ஸ் என்பவர் எழுதிப் பராமரித்துவந்தது அது. 2020-இல் வந்த அதன் 9-ஆம் பதிப்பிலிருந்து ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வெளியாரோடு பேசுகிற பகுதியை அதிகாரம் உள்ள பகுதியிலிருந்து பிரித்துவிட்டார்கள். வாசலில் நின்று பேசுகிறவன் கையில் பெட்டிச் சாவி இருக்காது.

பெயர் விஷயத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தண்டல் என்பது பதவியின் பெயர். அதில் இருக்கும் ஆள் மாறுவார். அதுபோலத் தெபியானில் 'டி.எச்.சி.பி. கிளையன்ட்' என்ற பதவிப் பெயர் தனியே உண்டு. பழைய கருவியும் புதிய கருவியும் இரண்டுமே 'அந்தப் பதவிக்கு நான் இருக்கிறேன்' என்று பதிந்துகொள்கின்றன. மற்றப் பொதிகள் ஆளைக் கேட்காமல் பதவியைக் கேட்டால், ஆள் மாறினாலும் வேலை நிற்காது. வேறு சில இடங்களில் பழைய பெயரிலேயே ஒரு வெறும் பொதியை வைத்து, அது புதியதைக் கையைப் பிடித்து அழைத்துவரும்படி செய்வார்கள். 'டெல்நெட்' என்ற பழைய கட்டளையை 12-ஆம் பதிப்பில் அப்படித்தான் மாற்றினார்கள். பழைய போல்ட் துளைகளிலேயே புதிய இயந்திரத்தைப் பொருத்துகிற வேலை இது.

ஆனாலும் எல்லாத் துளையும் பொருந்துவதில்லை. இனி எங்கள் தவற்றைச் சொல்கிறோம்.

எங்கள் நான்கு கணினிகளில் மிகவும் பழையதில் திரைமேசைகூட இல்லை. அச்சுப்பொறி அதில்தான் மாட்டியிருக்கிறது. மற்ற மூன்றும் அதன் வழியாகத்தான் அச்சடிக்கும். ஒரு சனிக்கிழமை காலை அதைப் 13-ஆம் பதிப்புக்கு ஏற்றி, பழைய ஏவலாளை நீக்கிவிட்டு, புதியவனை வைத்தோம். கணினி எழுந்தது, வலையும் வந்தது. வேலை முடிந்தது என்று தேநீர் குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் வரிசை நிற்கிறது. உதவித் தொகை மனுவை அச்செடுத்துக் கொடுக்க வந்தவர்கள் அவர்கள். திங்கட்கிழமை கடைசி நாள். மூன்று கணினிகளும் அச்சுப்பொறியைக் காணோம் என்கின்றன.

வரிசையில் முதலில் நின்ற பாட்டி ஒருவர் கேட்டார். "ஏன் தம்பி, போன வாரம் நல்லாத்தானே ஓடுச்சு? எதுக்கு அதைத் தொட்டீங்க?"

அந்த நேரத்தில் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த உரையே அவருக்குச் சொல்ல நினைத்த பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது தெரியுமா? பழைய ஏவலாள் கிராணியிடம் போனால், வலை அட்டையில் பதிந்திருக்கும் எண்ணைச் சொல்லி 'நான் இன்னார்' என்பான். புதியவன் கணினிக்கென்று தானே உண்டாக்கிய வேறோர் அடையாள எண்ணைச் சொல்கிறான். அடையாள அட்டை எண்ணால் நம்மை அறிந்த ஆபீசில் போய் இ.பி.எஃப். எண்ணைச் சொன்னால் எப்படியிருக்கும்? கிராணி புத்தகத்தைப் பார்த்தார்; இந்த எண்ணில் யாரும் இல்லை; சரி, புதிய குடும்பம் என்று வேறு வீட்டைக் கொடுத்துவிட்டார். மற்ற மூன்று கணினிகளும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தன. எல்லா ஆபீசிலும் இப்படி ஆவதில்லை. எங்கள் அறையின் ரௌட்டரில் ஆயிற்று.

இதற்கு மாற்று உண்டு. புதிய கருவியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை முடக்கி இன்னொரு வரியை இயக்கினால், பழையபடி அட்டையின் எண்ணையே சொல்லும். அதைவிட நல்லது, அச்சுக் கணினிக்கு இந்த எண்தான் என்று ரௌட்டரிலேயே எழுதி நிலைப்படுத்திவிடுவது. இரண்டையும் செய்து முடிக்கப் பகல் இரண்டு மணியாகிவிட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டோம். பாட்டி தம் தாளை வாங்கிக்கொண்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

மாற்றியது தவறில்லை, மாற்றிய நாள் தவறு. கடைசி நாளுக்கு முந்தின சனிக்கிழமையில் தராசை மாற்றுகிறவன் உண்டா? இன்னொரு தவறும் செய்தோம். கணினி எழுந்ததா என்று பார்த்தோமே தவிர, அதை நம்பியிருக்கும் மற்றவர்களின் வேலை நடக்கிறதா என்று பார்க்கவில்லை. பழைய ஏவலாளுக்கென்று முன்பு யாரோ எழுதிவைத்த சிறு துணைக் கட்டளைகள் இருந்தால், அவற்றையும் புதியவன் கண்டுகொள்ள மாட்டான். அவன் பார்க்கும் அலமாரியே வேறு. எங்களிடம் அப்படி எதுவும் இல்லாதது அதிர்ஷ்டம்.

ஆளில்லாத கருவிக்குப் புது ஆள் கிடைத்தால் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. அதற்கும் ஒரு கதை உண்டு.

'எக்ஸ்-ஸெட்' என்பது கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் கருவி. ஏறத்தாழ எல்லா லினக்ஸ் தொகுப்பிலும் இருக்கிறது. லாஸ் கொல்லின் என்ற ஒருவர் பல ஆண்டுகளாகக் கூலியில்லாமல் காத்துவந்தார். அவர் களைத்திருந்த நேரத்தில், சிலர் விடாமல் எழுதி நெருக்கினார்கள். வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவருக்குப் பொறுப்பைக் கொடு என்றார்கள். அதே வேளையில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். நம்பிக்கை பிறந்தது, பொறுப்பும் கைமாறியது. 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 என்ற இரண்டு வெளியீடுகளில் ஒரு கள்ளக் கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி அது. ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கண்டு, ஏன் என்று தோண்டிப் பார்த்தார். 2024 மார்ச் 29-இல் உலகுக்குச் சொன்னார். தெபியானின் நிலைத்த பதிப்புக்குள் அது வந்து சேரவில்லை. சோதனைக் கிளைகளோடு பிடிபட்டது. அரை வினாடி! கொழுந்துச் சாக்கில் அரைக் கிலோ குறைந்தால் கேட்கிற நம் அம்மாமாரின் கண் அவருக்கு இருந்திருக்கிறது.

பொறுப்பாளர் ஒருவரே என்ற நிலை, ஆளே இல்லாத நிலைக்கு ஓரடி முன்னால்தான் இருக்கிறது. அந்த ஒருவரைக் களைக்க விட்டவர்கள் யார்? நாம் எல்லோரும்தான். நன்றி என்று ஒரு வரி எழுதியவர்கள்கூடக் குறைவு.

தெபியானில் இதற்காகப் பகிரங்கமாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பராமரிப்பவர் விலகிய பொதியை 'அனாதை' என்றே குறிக்கிறார்கள். இனி என்னால் பார்க்க முடியாது, வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் 'தத்துக்கு வேண்டுகோள்'. நான் எடுத்துக்கொள்கிறேன் என்றால் 'தத்தெடுக்கும் எண்ணம்'. விடவும் இல்லை, தனியே முடியவும் இல்லை என்றால் 'உதவி வேண்டும்'. அந்தச் சொற்களை முதன்முதலில் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் மனம் கனத்தது. ஆனால் ஒளிக்காமல் எழுதி வைப்பதால்தான் தத்தெடுக்க ஆள் வருகிறது. நம் கணினியில் உள்ள பொதிகளில் எவையெவை அனாதையாக இருக்கின்றன என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. 'டபிள்யூ-என்-பி-பி அலர்ட்' என்று அதற்குப் பெயர். பாதுகாப்பு ஆதரவு முடிந்தவை எவை என்று காட்ட 'செக் சப்போர்ட் ஸ்டேட்டஸ்' என்ற இன்னொன்று உண்டு. நாம் சொன்ன முத்திரையைப் பார்க்கிற கட்டளைகள் இவை. இரண்டும் தாமாக வந்திருக்காது. கேட்டு நிறுவ வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை ஓட்டினால் போதும்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. லினக்ஸைச் சேர்ந்ததன்று என்றாலும் சொல்லிவிடுகிறோம். கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலை மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கினார். டாஸ் போய் விண்டோஸ் வந்தது; எழுத்துக் குறியீடு மாறி யூனிகோடு வந்தது; கைத்தொலைபேசி வந்தபோது செல்லினம் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் உட்கார்ந்து திருத்த ஓர் ஆள் இருந்ததால்தான் அந்தக் கருவி இருந்தது. உருவாக்கிய நாளைப் புகழ்கிறோம். அதற்குப் பின்னால் வந்த இத்தனை ஆண்டு வேலையை யாரும் எண்ணுவதில்லை.

படித்த தம்பி தங்கைகளே, இதில் உங்களுக்கும் வேலை உண்டு. நிரல் எழுதத் தெரிந்தால்தான் சேர முடியும் என்பதில்லை. லினக்ஸ் கருவிகள் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகள் இருக்கின்றன. கருவி மாறும்போது அதன் தமிழ் தானாகப் பின்னால் வருவதில்லை. புதிதாக யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். எங்கள் அச்சுக் கணினியில் நடந்தது போன்ற குறையை நேரில் கண்டவர், எந்தப் பதிப்பு, என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று நாலு வரி தெளிவாக எழுதி அனுப்பினாலே பராமரிப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். தோட்டத்துப் பிள்ளை எழுதியதா, பட்டணத்துப் பிள்ளை எழுதியதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆங்கிலம் தடுமாறினாலும் விஷயம் சரியாக இருந்தால் வாங்கிக்கொள்வார்கள்.

இப்போது எங்கள் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு, எந்த எண், எந்த நாளில் என்ன மாற்றினோம், மாற்றியது யார் என்று எழுதி வைத்திருக்கிறோம். அடியில் சிவப்பு மையில் ஒரு வரி உண்டு: மனுவுக்குக் கடைசி நாள் இருக்கும் வாரத்தில் எதையும் தொடக்கூடாது. அந்த வரியை எழுதச் சொன்னவர் முன்னே சொன்ன பாட்டிதான். தம் பேத்தியை இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அனுப்பி வைக்கிறார். போன மாதம் அனாதைப் பட்டியலை அந்தப் பெண்தான் ஓட்டிப் பார்த்தாள். நாங்கள் தினமும் பயன்படுத்துகிற கருவிகளில் மூன்று அதில் இருந்தன. இரண்டுக்கு மாற்று கண்டுபிடித்துவிட்டோம். மூன்றாவதற்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.